மினுக்கொளியும் மூழ்குவோர் மதியும்

மான்குர்த்தில் நம் வீடுகளில் எரிந்த பழைய குழல்விளக்கு நொடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறையும். கண்ணோ அதனை ஒரே சீரான ஒளியாகவே காணும். மினுங்கும் ஒளி எவ்வேகத்தில் நிலையான ஒளியாகத் தோன்றத் தொடங்குகிறதோ, அவ்வேகத்தை 'மினுக்க எல்லை' எனலாம். மூளை விழிப்புடன் இருந்தால் எல்லை உயரும், களைத்தால் தாழும். இக்கருத்தே சோதனைக்கு அடிப்படை.

கடலில் மூழ்குவோருக்கு இஃது எதற்கு? ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் மொத்த அழுத்தம் நான்கு மடங்காகிறது. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் மிகுதியாக உடலிற் கரைந்து, மது அருந்தியது போன்ற மயக்கத்தைத் தருகிறது. மயங்கியவர் தம் மயக்கத்தைத் தாமே உணர்வதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. குழாய்வழிக் காற்றைப் பெற்றுத் தூத்துக்குடிக் கடலில் சங்கெடுப்போருக்கும் இவ்விதி பொருந்தும். மும்பைக் கொலாபாவில், அஸ்வினி கடற்படை மருத்துவமனையைச் சார்ந்த கடற்படை மருத்துவக் கழகம் இத்துறையைப் போதிக்கிறது.

ஆயின், எல்லை தாழ்ந்தது என்ற ஒன்றைக் கொண்டே மயக்கம் என்று முடிவு கட்டலாகாது. விளக்கு பிரகாசமானால் எல்லை உயரும், மங்கினால் தாழும். ஒளிப்பரப்பின் அளவு, அது விழித்திரையில் விழும் இடம், ஒளியின் நிறம், சுற்றியுள்ள இருள் ஆகியவையும் விளைவை மாற்றும். கடல்நீர் முதலிற் செந்நிறத்தை விழுங்குவதால், ஆழத்தில் நிறமும் மாறிவிடும். வயது, உறக்கக்குறைவு, காப்பி ஆகியவற்றுக்கும் இதிற் பங்குண்டு. வேகத்தைக் கூட்டிக்கொண்டு போகும்போது கிடைக்கும் எண், குறைத்துக்கொண்டு வரும்போது கிடைக்கும் எண்ணுடன் பெரும்பாலும் ஒத்திராது.

மற்றொரு சிக்கலும் உண்டு. ஆழத்தில் நைட்ரஜனோடு பிராணவாயுவின் அழுத்தமும் கூடுகிறது. அது மூளையைக் கிளர்த்தக்கூடும் என்பர். ஒன்று தாழ்த்த, மற்றொன்று உயர்த்தினால், நிகர விளைவை எங்ஙனம் பிரித்தறிவது? எல்லை முதலில் உயர்ந்து பின்னர் தாழ்ந்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. அழுத்த அறைகளில் மாற்றமே தென்படவில்லை என வேறு சில கூறுகின்றன.

ஆதலின் ஒருவரின் எண்ணை இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிடுவது பொருந்தாது. அதே கருவி, அதே ஒளி, அதே முறை ஆகியவற்றைக் கொண்டு, அதே மனிதரை மூழ்குமுன்னும் பின்னும் அளத்தலே முறையாகும். அப்போதும் அந்த எண் ஒரு துணைச்சான்றே. தோழரின் கண்காணிப்பும், ஆழத்திற்கு வகுத்த வரம்பும், ஐயம் எழுந்தால் உடனே மேலெழத் தொடங்கும் பழக்கமுமே உயிரைக் காப்பவை என்பதை நாம் மறவாதிருப்போமாக.