ஊர் பேசும் படம்

சிலப்பதிகாரத்திலே கோவலன் வெட்டுண்ணுதல் சில அடிகளில் முடிந்துவிடும். மதுரை மக்கள் கலங்கிப் பேசுதற்கோ இளங்கோவடிகள் 'ஊர்சூழ்வரி' என ஒரு பகுதியே வகுத்தார். மொய்சேஸ் கோஃப்மன் இயக்கி 2002இல் வெளிவந்த 'லாரமி புரொஜெக்ற்' என்னும் அமெரிக்கப் படத்தைக் கண்டபோது அப்பகுதியே என் நினைவுக்கு வந்தது.

வயோமிங் மாநிலத்து லாரமி நகரில், 1998 ஒக்டோபரில், ஆடவரை விழையும் இயல்பினனான மத்தியூ ஷெப்பர்ட் என்னும் 21 வயது மாணவனை இளைஞர் இருவர் வஞ்சித்து அழைத்துச் சென்று, பொருளைப் பறித்து, வேலியிற் கட்டி அடித்துவிட்டுப் போயினர். மறுநாள் சைக்கிளில் அவ்வழி வந்தவன் முதலில் வெருளி என்றே எண்ணினான். 12ஆந் திகதி உயிர் பிரிந்தது.

கோஃப்மனின் நாடகக் குழுவினர் அவ்வூருக்குப் பன்முறை சென்று இருநூறுக்கு மேற்பட்ட நேர்காணல்கள் நடத்தினர். அவற்றினின்று 2000இல் நாடகமும், பின்னர் இப்படமும் எழுந்தன. குருதியன்று, ஊரார் சொற்களே இதன் பொருள். 'வாழு, வாழவிடு' என்பது அவர்கள் பெருமையோடு சொல்லுங் கொள்கை. நீ இன்னான் என்று வாய் திறவாதவரையில் உனக்கு அடி விழாது என்பதே அதன் உட்கிடை என ஒருவர் விளக்குகிறார். உரையாசிரியர் பலரைக் கற்ற எனக்கும் இத்துணைச் சுருங்கிய உரை வியப்பளித்தது.

புகழ்பெற்ற நடிகர் பலரை நடிக்கவிட்டதை யான் விரும்பிலேன். தெரிந்த முகம் ஊரானின் முகத்தை மறைக்கின்றது. ஆயினும், கொலையாளிக்கு மரணதண்டனை வேண்டாமென இசைந்து தந்தை நீதிமன்றத்திற் பேசுமிடத்தில் அக்குறை தோன்றவில்லை.

2009இல் மத்தியூவின் பெயரையுந் தாங்கிய வெறுப்புக் குற்றச் சட்டம் பிறந்தது. மகனின் சாம்பலையோ, அடக்கிய இடத்தை எவரேனும் இழிவுசெய்வர் என்றஞ்சிப் பெற்றோர் இருபது ஆண்டுகள் அடக்கஞ் செய்திலர். 2018 ஒக்டோபரிலேயே வொஷிங்டன் தேசியப் பேராலயத்தில் அதற்கு இடங் கிடைத்தது.