பாறை இடுக்கில் ஓடும் மஞ்சள் நஞ்சு

கோடையில் குழாய்த் தண்ணீர் இழுத்தடித்தால் திருவனந்தபுரத்தின் பழவங்காடி, சாலைக் கடைவீதிப் பக்கம் எழும் முதல் யோசனை, "ஒரு போர் போட்டுடலாமா?" என்பதுதான். போடுவதற்கு முன் ராணிப்பேட்டையை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு குரோமேட் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை போனது, லட்சம் டன்னுக்கு மேலான கழிவுமேடு போகவில்லை. மழை பெய்தால் மஞ்சள் நீர் கசியும். 2006-ல் வெளியான, உலகிலேயே மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் ஏறியது. யார் குற்றம் என்ற வழக்கு கிடக்கட்டும். அந்த மஞ்சள், கெட்டிப் பாறைக்குள் எப்படி நடந்தது?

வெடிப்பு வழியாகத்தான். போர் போடுபவர்கள் "கேப் கிடைச்சிருச்சு" என்று குதூகலிப்பார்களே, அதே வெடிப்பு. அதன் அகலம் இரண்டு மடங்கானால் நீரோட்டம் எட்டு மடங்காகும். அதனால்தான் பக்கத்து வீட்டுக் கிணறு நன்றாயிருக்க, நாலு தெரு தள்ளியுள்ள கிணறு கெடலாம். ஈயம் களிமண்ணிலும் இரும்புத் துருவிலும் ஒட்டிக்கொண்டு பின்தங்கும். அந்த மஞ்சளுக்குக் காரணமான குரோமியச் சேர்மம், குரோமேட்டோ, பெரும்பாலும் தண்ணீரோடு தண்ணீராக ஓடிவிடும். போகிற வழியில் பாறையின் நுண்துளைகளுக்குள்ளும் புகுந்துகொள்ளும். வெடிப்பில் நல்ல தண்ணீர் வரத் தொடங்கியதும் மெல்லத் திரும்பிக் கசியும். எத்தனை இறைத்தாலும் மாசு தீராததற்கு இது ஒரு காரணம்.

திருவனந்தபுரத்தின் அடியிலும் பெரும்பாலும் இப்படிப்பட்ட கெட்டிப் பாறைதான்: கோண்டலைட், சார்னோகைட். மேலே வெட்டுக்கல். வெட்டுக்கல்லின் இரும்பு உலோகங்களைப் பிடித்துவைக்கும், பயம் வேண்டாம் என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் போர் அந்த வடிகட்டியையே துளைத்துக்கொண்டல்லவா இறங்குகிறது! கேசிங் பைப் கெட்டிப் பாறை தொடும்வரைதான். அதற்குக் கீழே வெறும் துளை. அதுவரை முகம் பார்த்திராத மேல் வெடிப்புக்கும் அடி வெடிப்புக்கும் அந்தத் துளை சம்பந்தம் பேசி முடித்துவிடும். பைப்பைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைக்காவிட்டால் தெருச் சாக்கடையும் நேரே உள்ளே போகும்.

நீரில் கரைந்தவற்றை மொத்தமாக மட்டும் காட்டும், பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டர் 180 காட்டினால் நிம்மதியாகிவிடுகிறோம். குடிநீரில் குரோமியத்துக்கு அனுமதி லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அதைப்போல் பத்து மடங்கு இருந்தாலும் மீட்டர் அதே 180-ல்தான் நிற்கும்.

போர் வைத்திருப்பவர்கள் ஆய்வகத்தில் குரோமியம், ஈயம், காட்மியம் என்று பெயர் சொல்லிக் கேட்டு, மழைக்கு முன்பும் பின்பும் பரிசோதியுங்கள். வற்றிய போரைச் சும்மா விடாமல் முறையாக அடைத்துவிடுங்கள். புதிதாகப் போடுகிறவர்கள், கேசிங்கைச் சுற்றி சிமென்ட் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.