நம்ம பேச்சும் மற்றவர் காதும்



கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் பலர் தீபாவளிக்கு வரும்போது பேச்சை மாற்றிக்கொண்டு வருகிறார்கள். இங்கே "ஆமா" என்றவன் "ஓம்" என்கிறான். "பேசுறோம்" என்றவள் "கதைக்கிறம்" என்கிறாள். லயத்தில் எல்லோரும் கேலி பண்ணுகிறார்கள். கேலி பண்ணுவதற்கு முன்னால், பிள்ளை ஏன் மாற்றிக்கொண்டது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். வாயைத் திறந்த உடனேயே "நீங்க தோட்டமா?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். கேட்டதில் தப்பில்லை. கேட்ட தோரணை சரியில்லாமல் இருந்திருக்கும்.

நம் காது ஒரு வேலை செய்கிறது. எதிரில் இருப்பவர் நம்மைப் போலவே சொல்லும் நூறு வார்த்தையை அது கண்டுகொள்வதில்லை. வித்தியாசமான ஒன்று வந்தால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்தார் "ஒண்டு, மூண்டு" என்றால் நமக்குக் கேட்கும். நாம் "ஒண்ணு, மூணு" என்பது அவர்களுக்குக் கேட்கும். புத்தகத்தில் இருப்பதோ "ஒன்று, மூன்று". அப்படி இரண்டு பேருமே பேசுவதில்லை! ஆனாலும் ஒன்று நல்ல தமிழ், மற்றது கொச்சை என்று ஒரு எண்ணம் எப்படியோ ஊன்றிவிட்டது.

ஏன் ஊன்றியது? கேட்பவர் அந்தச் சத்தத்துக்கு மட்டும் மார்க் போடுவதில்லை. அப்படிப் பேசுகிற ஆட்களைப் பற்றி மனதில் முன்பே வைத்திருக்கும் எண்ணத்தை எடுத்துச் சத்தத்தின் மேல் ஒட்டிவிடுகிறார். இதைக் கனடா நாட்டு மொன்றியல் நகரில் லாம்பர்ட் என்ற பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் சோதித்துப் பார்த்து 1960-ல் வெளியிட்டார்கள். அங்கே ஆங்கிலம் பேசுவோர் கையில் பணமும் பதவியும் இருந்த காலம் அது. இரண்டு பாஷையும் நன்றாகத் தெரிந்தவர்களை ஒரே விஷயத்தை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாசிக்க வைத்துப் பதிவு செய்தார்கள். கேட்ட மாணவர்களுக்கு இரண்டும் ஒரே ஆளின் குரல் என்று தெரியாது. ஆங்கிலத்தில் வாசித்தபோது அந்த ஆள் அறிவாளி, பார்க்க லட்சணமானவர், உயரமானவர் என்றுகூடச் சொன்னார்கள். குரலைக் கேட்டு உயரம் சொல்கிறார்கள், பாருங்கள். பிரெஞ்சு மாணவர்களும் பல விஷயத்தில் தங்கள் பாஷைக் குரலுக்கே குறைத்துத்தான் மார்க் போட்டார்கள். நம் பிள்ளை கொழும்பில் நின்று வீட்டுக்குப் போன் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதும் இதே கதைதான்.

சில நேரம் இந்தக் காது உயிரையே எடுத்திருக்கிறது. விவிலியத்தில் நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தை வாசித்தவர்களுக்குத் தெரியும். யோர்தான் ஆற்றுத் துறையில் ஒரு வார்த்தையைச் சொல்லச் சொல்லி, "ஷ" வராமல் "சி" என்றவர்களைப் பிடித்து வெட்டினார்கள். நம் நாட்டிலும் 1983 ஜூலையில் நடந்ததைப் பெரியவர்கள் மறக்கவில்லை. வாளிக்குச் சிங்களத்தில் சொல்லும் "பால்திய" என்ற வார்த்தையைச் சொல்லச் சொன்னார்கள் என்று தப்பி வந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதன் முதல் எழுத்து அழுத்தமாக வர வேண்டும். தமிழில் அப்படி வார்த்தை தொடங்குவது வழக்கமில்லை என்பதால் நாக்கு காட்டிக் கொடுத்துவிடும். அந்த வார்த்தை போர்த்துக்கீசரிடமிருந்து வந்தது என்பது தனி வேடிக்கை.

நம்ம பேச்சு எங்கிருந்து வந்தது? திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலி என்று பல பக்கத்து ஊர்களிலிருந்து நம் முன்னோர் வந்தார்கள். ஒரே லயத்தில் பல ஊர்ப் பேச்சு கலந்தது. வேலையும் சுற்றுப்புறமும் தந்த வார்த்தைகள் சேர்ந்தன. பெரட்டு ஆங்கிலத்திலிருந்து வந்தது. காம்பரா போர்த்துக்கீசம். இஸ்தோப்பு டச்சுக்காரர் வார்த்தை. இருநூறு வருஷச் சரித்திரம் இந்த வார்த்தைகளில் இருக்கிறது. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுக்களைச் சேர்த்துப் புத்தகமாக்கினார். தெளிவத்தை ஜோசப் இந்தப் பேச்சைத் தன் கதைகளில் வைத்தார். "தோட்டக்காட்டான்" என்று சொல்லிச் சிரிப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை.

நாமும் சும்மா இல்லை. யாழ்ப்பாணத்தில் "பெட்டை" என்றால் பெண் பிள்ளை, அவ்வளவுதான். நம் காதில் அது வசவு மாதிரி விழும். "நீர்" என்று அவர்கள் சொல்வது "நீ"யை விட மரியாதை கூடியது. நமக்கு அது சண்டைக்கு இழுப்பது போல இருக்கும். தெரியாமல் கோபப்பட்டு முறித்துக்கொண்ட சிநேகிதம் எத்தனையோ.

ஆனால் எல்லாமே காதின் பிசகு என்றும் விட முடியாது. கிளினிக்கில், ஆபீசில், பேத்தி வயதுப் பிள்ளை நம் பாட்டியைப் பார்த்து "இங்க வா, கொப்பியக் குடு" என்றால் அது பேச்சு வழக்கு வித்தியாசம் இல்லை. பக்கத்தில் நிற்கும் டீச்சரம்மாவிடம் அதே வாய் "வாங்க, இருங்க" என்கிறதே! கூடப் போகிறவர்கள் அமைதியாக, "அம்மாவ வாங்கன்னு சொல்லுங்க" என்று கேட்கலாம். கேட்க உரிமை இருக்கிறது. தோட்டத்து உத்தியோகத்தர்களாகிய எங்களுக்கும் இது பொருந்தும்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். "காத்து" என்று பரீட்சைத் தாளில் எழுதினால் மார்க் குறையும். "காற்று" என்று எழுதப் பழக வேண்டும். ஆனால் வகுப்பில் "காத்து" என்று வாய் தவறிச் சொன்ன பிள்ளையை எழுப்பி நிறுத்திச் சிரிக்க வைத்தால், அது அடுத்த முறை கையே தூக்காது. "வீட்டுல அப்படிச் சொல்றோம், எழுதும்போது இப்படி" என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் வேறு ஊர்ப் பேச்சைப் போலியாகப் பேசப் பார்க்க வேண்டாம். கவனமெல்லாம் நாக்கில் போய்விடும், கேள்விக்குப் பதில் வராது. அவசரப்படாமல், முழு வசனமாக, கடைசி வார்த்தையை விழுங்காமல் பேசிப் பாருங்கள். முதல் நாள் வீட்டில் அக்காவையோ மாமாவையோ எதிரில் உட்கார வைத்து நாலு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "தோட்டமா?" என்று கேட்டால் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.