இன்டர்வியூல பாஸ்வேர்டு கேட்டா என்ன பண்ணுவீங்க?

இன்டர்வியூ நல்லா போயிட்டிருக்கு. சம்பளம், நோட்டீஸ் பீரியட் எல்லாம் பேசியாச்சு. கடைசியா எச்.ஆர். சிரிச்சுக்கிட்டே, “உங்க ஃபேஸ்புக் லாகின் கொஞ்சம் கொடுங்க, செக் பண்ணிக்கிறோம்”னு கேட்டா?

இது நிஜமாவே நடந்திருக்கு. அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலச் சிறைத்துறையில் வேலை பார்த்த ஒருத்தர், 2010-ல் லீவு முடிஞ்சு திரும்பி வந்தார். நேர்காணலில் பாஸ்வேர்டு கேட்டாங்க. வேலை போயிடக் கூடாதேன்னு கொடுத்துட்டார். அவர் கண் முன்னாடியே உள்ளே போய் பதிவுகளைப் படிச்சாங்க. அவர் சும்மா விடலை, உரிமை அமைப்பு ஒன்றிடம் புகார் செய்தார். விஷயம் பெரிசாகி, 2012-ல் மேரிலாண்ட் இதைத் தடை செய்து சட்டம் போட்டது. அமெரிக்காவிலேயே முதல் மாநிலம் அதுதான். இன்னிக்கு 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படிச் சட்டம் இருக்கு.

நம்ம நாட்டுல? பாஸ்வேர்டு கேட்கக் கூடாதுன்னு கம்பெனிகளுக்குத் தனிச் சட்டம் கிடையாது. 2023-ல் நிறைவேறின டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல்னா அது வற்புறுத்தல் இல்லாம இருக்கணும்னு சொல்லுது. ஆனா ஒண்ணு கவனிங்க: நீங்களே எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது!

அதனால வேலை தேட ஆரம்பிக்கும் முன்னாடி இதைச் செய்யுங்க:

1. லாக்-அவுட் பண்ணிட்டு உங்க பேரைத் தேடிப் பாருங்க. அங்க உங்க கண்ணுக்குத் தெரியுறது எச்.ஆர். கண்ணுக்கும் தெரியும். பழைய பதிவுகளை ‘ஃப்ரெண்ட்ஸ் மட்டும்’னு மாத்துங்க.

2. மெயிலுக்கும் ஃபேஸ்புக்குக்கும் ஒரே பாஸ்வேர்டா? உடனே மாத்துங்க. மெயில் அடுத்தவங்க கைக்குப் போனா, அதோட இணைச்ச மத்த கணக்குகளும் ஆபத்துலதான்.

3. யாராவது கேட்டா, பணிவா இப்படிச் சொல்லுங்க: “சார், பாஸ்வேர்டைப் பகிரக் கூடாதுன்னு ஃபேஸ்புக் விதியே இருக்கு. என் லிங்க்ட்இன் லிங்க் அனுப்புறேன், பாருங்க.”

இதெல்லாம் சரி, இது எதுக்கு ஒரு பணப் பக்கத்துலன்னு கேட்கலாம். அந்த மேரிலாண்ட்காரர் பாஸ்வேர்டைக் கொடுத்தது சம்பளம் நின்னுடுமோங்கிற பயத்துல. கையில ஆறு மாசச் செலவுக்குப் பணம் இருந்தா, “முடியாது சார்”னு சொல்ல குரல் நடுங்காது. எமர்ஜென்சி ஃபண்ட் ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும் இல்லைங்க, இந்த ஒரு வார்த்தைக்கும்தான்.

உங்ககிட்ட யாராவது இப்படிக் கேட்டிருக்காங்களா? கமெண்ட்ல சொல்லுங்க.