வளரும் பிள்ளையும் மூட்டைச் சுமையும்



"மூட்டை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும்" என்பது மண்டிகளில் பழைய பேச்சு. நாமும் பதினாறு வயதில் மண்டியில் சேர்ந்து, விடியற்காலையில் லாரிச் சரக்கு இறக்கி, இரவு கணக்கு முடிந்தபின் சாக்குக் கட்டின்மேல் படுத்தவர்கள்தாம். இதில் உண்மை எவ்வளவு?

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்னும் சுரப்பி உள்ளது. வளர்ச்சி ஹார்மோனைச் சுரப்பது அதுவே. அந்த ஹார்மோன் ஏவக் கல்லீரலில் உண்டாகும் ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருள், எலும்பு நுனிகளை வளரச் செய்கிறது. நம் பாஷையில் சொன்னால், ஆர்டர் கொடுப்பது பிட்யூட்டரி, சரக்கு அனுப்புவது கல்லீரல். வயிற்றுக்குப் போதாவிட்டால் ஆர்டர் வந்தும் சரக்கு வராது. இந்த ஹார்மோன் மிகுதியாகச் சுரப்பது ஆழ்ந்த உறக்கத்தில். அளவான உழைப்பும் அதைக் கூட்டவே செய்யும். ஆகவே கெடுதல் உழைப்பால் அல்ல. அளவு மீறிய சுமை, அரை வயிறு, அரைத் தூக்கம் ஆகியவற்றால்தான்.

மனச்சுமையும் உண்டு. 1948-ல் ஜெர்மனியில் இரண்டு அனாதை இல்லங்களை எல்சி விட்டோசன் என்ற ஆங்கிலேய உணவியல் அறிஞர் கவனித்தார். இரண்டிலும் ஒரே ரேஷன். ஒன்றின் தலைவி அன்பானவர்; மற்றவர் சாப்பாட்டு வேளையில் பிள்ளைகளை எல்லார் முன்பும் திட்டுபவர். அன்பான இல்லத்துப் பிள்ளைகளே நன்கு எடை கூடினர். பிறகு அந்த அம்மையார் விலக, திட்டுபவர் அங்கே மாறி வந்தார். அதே சமயம் அந்த இல்லத்துக்கு மட்டும் ரொட்டி, ஜாம், ஆரஞ்சுச் சாறு கூடுதலாகக் கிடைத்தன. அதைத் தின்றும் பிள்ளைகள் முன்போல் தேறவில்லை. அவர் விட்டுவந்த இல்லத்திலோ கூடுதல் உணவின்றியே தேறினர். வீட்டில் துன்பப்பட்டு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு இந்த ஹார்மோனே குறைந்திருப்பதையும், இடம் மாறியதும் அவர்கள் வளர்ந்ததையும் 1967-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினர்.

நம் கடையிலும் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். வாடிக்கையாளர் வந்தால் இலையிலிருந்து அவனை எழுப்பியிருக்கிறோம். இன்று அது உறுத்துகிறது.

2016-ம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 14 வயது நிரம்பாதவரைக் கடை வேலைக்கு வைப்பது குற்றம். அதற்கு மேற்பட்ட இளைஞர்கள் இருந்தால், மூட்டையைப் பெரியவர் சுமக்கட்டும். பையன் உட்கார்ந்து சாப்பிடட்டும். நேரத்தோடு உறங்கப் போகட்டும். குறை சொல்வதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்வோம். இதில் நமக்கு முதல் எதுவும் நஷ்டமில்லை.