இல்லத்தின் உள்ளழகு

வீட்டைக் கட்டி முடித்த பின்னர் அதன் உட்புறத்தை எவ்வாறு அமைப்பது என்ற கேள்வி எழுகிறது. நம் பாட்டனார் காலத்தில் இதனைத் தனிக் கலையாக எவரும் எண்ணவில்லை. இன்றோ இது கல்லூரிகளில் பயிற்றுவிக்கப்படும் கலை. பலருக்கு வாழ்க்கைத் தொழில். இக்கலையின் இன்றைய போக்குகளில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பது குறித்து மாணவ நண்பர்களாகிய உங்களுடன் சிறிது பேச விரும்புகிறேன்.

என் தவறிலிருந்தே தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் திருச்சியிலுள்ள எங்கள் பழைய வீட்டைப் புதுப்பித்தேன். கூடத்தின் மேற்குச் சுவரில் பெரும்பகுதியை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்தேன். கூரைக்கு ஓரடி கீழே அட்டையால் பொய்க் கூரை அமைத்துச் சிறு விளக்குகளைப் பொருத்தினேன். சுவரின் உச்சியிலிருந்த காற்றுத் துளைகள் அதனால் மறைந்து போயின. வந்தவரெல்லாம் பாராட்டினர். ஆனால் சித்திரை பிறந்ததும் என் அன்னையார் தம் கட்டிலைக் கொல்லைத் தாழ்வாரத்திற்கு மாற்றிக்கொண்டார். “கூடம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி; உட்காரத்தான் முடியவில்லை” என்றார். எண்பது வயதை நெருங்கிய அவரை அவருடைய கூடத்திலிருந்தே வெளியேற்றிவிட்டேனே என்ற எண்ணம் என்னை உறுத்தியது.

இதன் காரணத்தைப் பௌதிக வகுப்பிலேயே நான் படித்திருக்கிறேன். கதிரவனின் ஒளி கண்ணாடியை எளிதில் ஊடுருவி, தரையிலும் சுவரிலும் பட்டு வெப்பமாகிறது. சூடேறிய பொருள்கள் அவ்வெப்பத்தை நீண்ட அலைகளாக வெளிவிடும். அவ்வலைகளுக்குக் கண்ணாடி வழிவிடுவதில்லை. குளிர் நாட்டாருக்கு இது வரம், நமக்குத் துன்பம். மேலும், சூடான காற்று மேலே எழும் இயல்புடையது. அது வெளியேறும் வழியையும் நான் அடைத்துவிட்டேன்.

இப்பொழுது மற்றொரு போக்கு வளர்ந்து வருகிறது. முற்றம், பிரம்பு நாற்காலி, ஆத்தங்குடித் தரைக்கல் ஆகியவை புதிய வீடுகளில் மீண்டும் இடம் பெறுகின்றன. காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் இக்கற்களைக் கையாலேயே செய்கின்றனர். கண்ணாடித் தகட்டின்மீது அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றுவர். அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு நிரப்புவர். பின்னர் நீரில் ஊறவைத்து உலர்த்துவர். சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் மெருகாகிறது. இத்தகைய கைத்தொழில் வாழ்வது மகிழ்ச்சிக்குரியதே.

ஆயினும், பழமையையும் காரணம் அறிந்தே கொள்ளவேண்டும். அண்மையில் ஒரு புது வீட்டில் அழகான முற்றத்தைக் கண்டேன். மழைக்கு அஞ்சி அதன் மேற்புறத்தைக் கண்ணாடியால் முழுவதும் மூடியிருந்தனர்! வெப்பக் காற்று வெளியேறுவதற்கென்றே அமைந்த முற்றம் வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் பெட்டியாகிவிட்டது. உருவம் பழையது, பயனோ தலைகீழ். செட்டிநாட்டு மாளிகைகளைக் கட்டியவர்கள் பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் தருவித்துக்கொண்டனர். ஆனால் முற்றத்தை வானத்திற்குத் திறந்தே வைத்தனர். அயல்நாட்டுப் பொருளை ஏற்பதில் குற்றமில்லை. நம் வெயிலையும் காற்றையும் மறப்பதே குற்றம்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? பொய்க் கூரையை அகற்றிக் காற்றுத் துளைகளைத் திறந்தேன். கண்ணாடிக்கு வெளிப்புறத்தில் மூங்கில் தட்டி தொங்கவிட்டேன். உட்புறத்தில் திரை கட்டினால் வெப்பம் நுழைந்த பின்னர்த் தடுப்பதாகும். வெளியே தட்டி கட்டினால் வாசலிலேயே தடுத்துவிடலாம். செலவு சொற்பமே. அடுத்த சித்திரையில் அன்னையாரின் கட்டில் கூடத்திற்குத் திரும்பியது.

மாணவ நண்பர்களே! விடுமுறை நாள் ஒன்றில் உங்கள் வீட்டைச் சற்றே உற்று நோக்குங்கள். காலை வெயில் எச்சன்னலில் விழுகிறது, மாலை வெயில் எச்சுவரைச் சுடுகிறது, காற்று எவ்வழியே வந்து எவ்வழியே செல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். படிக்கும் மேசையை அதற்கேற்ப இடம் மாற்றிப் பாருங்கள். உள்ளழகுக் கலையின் முதற்பாடம் அதுவே. வண்ணமும் விளக்கும் அதற்குப் பின்னர் வரட்டும். வீட்டின் அழகுக்குச் சான்று கூறவேண்டியவர் விருந்தினர் அல்லர். அங்கே நாள் முழுதும் வாழ்பவரே ஆவர்.