நாய் சொறிவது ஏன்?

தோட்டக் காவலுக்கும் வீட்டுக் காவலுக்கும் நாய் வளர்க்கும் அங்கத்தினர்கள் நம்மிடையே பலர் உளர். அந்த நாய் இரவெல்லாம் உறங்காமல் சொறிந்து, உரோமம் உதிர்ந்து, தோல் சிவந்து நிற்கும்போது, "சொறி பிடித்துவிட்டது" என்று ஒரே சொல்லில் முடிவு கட்டிவிடுகிறோம். பின்னர், இயந்திரத்திலிருந்து வடித்த பழைய எண்ணெயோ, பயிருக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தோ அதன் உடம்பில் பூசப்படுகிறது. சொறி போவதற்குப் பதிலாக நாயின் உயிரே போய்விடுவதும் உண்டு.

சொறிதல் ஒரு நோயன்று, நோயின் அடையாளமே. காரணம் வேறானால் மருந்தும் வேறாகும். காரணத்தை உறுதி செய்வது கால்நடை மருத்துவரின் பொறுப்பு. எனினும், வளர்ப்பவர் கவனித்துச் சொல்லும் மூன்று செய்திகள் அவருக்குப் பெரிதும் உதவும். அரிப்பு உடம்பில் எவ்விடத்தில் தொடங்கிற்று? ஆண்டு முழுவதும் இருக்கிறதா, ஒரு பருவத்தில் மட்டும் வருகிறதா? வீட்டிலுள்ள மற்றப் பிராணிகளுக்கோ மனிதர்களுக்கோ அரிப்பு உண்டா?

இடுப்பிலும் வாலின் அடியிலும் நாய் ஓயாமல் கடித்துக்கொண்டால் முதலில் தெள்ளுப்பூச்சியை ஐயுற வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியை விரித்து, நாயை அதன்மேல் நிறுத்திச் சீப்பினால் வாருங்கள். மிளகுத் தூள் போன்ற கரும்பொடி விழுந்து, ஈரத்தில் இரத்த நிறமாகக் கசியுமாயின், அது தெள்ளின் கழிவு. தெள்ளின் எச்சில் ஒவ்வாத நாய்க்குச் சில கடிகளே பெருந்துன்பம் தரும். ஆகவே பூச்சி கண்ணில் படவில்லை என்பதனால் அது இல்லை என்று கொள்ளலாகாது.

காதிலும் கழுத்திலும் விரலிடுக்கிலும் ஒட்டிக்கொண்டிருப்பது உண்ணி. இது அரிப்போடு நில்லாது. இரத்தத்தில் கிருமிகளைப் புகுத்திக் காய்ச்சலையும் சோகையையும் உண்டாக்கும். நாய் உண்ணாமல் சோர்ந்து கிடந்தால் நாள் கடத்தலாகாது.

காது மடலின் ஓரத்திலும் முழங்கையிலும் தோல் தடித்து, தாங்கவொண்ணாத அரிப்பு இருக்குமாயின், அது சார்காப்டிஸ் என்னும் நுண்பூச்சியினால் வரும் சொறியாகலாம். இது மற்ற நாய்களுக்கு விரைவில் தொற்றும். நாயோடு பழகும் மனிதருக்கும் சில காலம் அரிப்பைத் தரும். டெமோடெக்ஸ் என்னும் வேறொரு நுண்பூச்சியோ, பெரும்பாலும் குட்டிகளின் முகத்திலும் முன்கால்களிலும் உரோமத்தை உதிர்க்கும், தொடக்கத்தில் அரிப்புக் குறைவு, மனிதருக்குத் தொற்றாது. தோலைச் சுரண்டி நுண்பெருக்கியில் பார்த்தே மருத்துவர் இவற்றைப் பிரித்தறிவார். வட்ட வட்டமாக உரோமம் உதிர்ந்தால் படர்தாமரையாகவும் இருக்கலாம். இது மனிதருக்கும் தொற்றும். குழந்தைகளை விலக்கி வைப்பது நலம்.

பாதத்தை ஓயாமல் நக்குதல், காதுநோய் திரும்பத் திரும்ப வருதல், வயிறும் அக்குளும் சிவத்தல் ஆகியவை ஒவ்வாமையின் குறிகள். குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் வருவது பூந்துகளினால் இருக்கலாம். ஆண்டு முழுவதும் இருப்பது வீட்டுத் தூசியிலுள்ள நுண்பூச்சியினாலோ உணவினாலோ நேரலாம். உணவுதான் காரணமா என்றறிய, மருத்துவர் குறிக்கும் உணவை மட்டும் சுமார் 8 வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் ஒரு துண்டு பிஸ்கோத்துக் கொடுத்தாலும் சோதனை பயனற்றுப் போகும்.

உரோமம் குறைந்த அடிவயிறும் பாதமும் மட்டும் புண்ணானால், நாய் படுக்கும் இடத்தைப் பாருங்கள். சாயமிடும் இடத்தில் சிந்திய காஸ்டிக் சோடா, சுண்ணாம்பு, இரசாயன உரம் ஆகியவை தோலைப் புண்ணாக்கும். அங்கே மருந்தைவிட, இடத்தை மாற்றுவதே முதற் சிகிச்சை.

பயிர்ப் பூச்சிமருந்தை நாயின்மேல் ஒருபோதும் பூசாதீர்கள். அது தோல் வழியே உள்ளேறும். நக்குவதால் வயிற்றிலும் சேரும். எச்சில் வடிந்து, உடல் நடுங்கி, மூச்சுத் திணறி நாய் இறக்கக்கூடும். பூசுகிறவரின் கைக்கும் அதே நஞ்சு ஏறும். பழைய இயந்திர எண்ணெயும் தோலைப் புண்ணாக்கி, நக்கும்போது நஞ்சாகும். அறியாமல் பூசிவிட்டால், கையுறை அணிந்து சோப்பும் தண்ணீரும் கொண்டு நன்கு கழுவி, மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

தெள்ளையும் உண்ணியையும் ஒழிக்க நல்ல மருந்துகள் இன்று உள்ளன. நாயின் எடைக்கேற்ற அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். நாய்க்குரிய சில மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும் என்பதையும் நினைவிற் கொள்க. நாய்க்கு மட்டும் மருந்திட்டால் போதாது. தெள்ளின் முட்டைகள் படுக்கையில் உதிர்கின்றன. உண்ணியோ சுவர் வெடிப்பில் முட்டையிடுகிறது. சாக்கையும் விரிப்பையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். வெடிப்புகளைப் பூசி மூடுங்கள்.

நம் தோட்டத்தையும் தறியையும் இரவெல்லாம் காக்கும் அப்பிராணிக்குத் தன் துன்பத்தைச் சொல்ல வாயில்லை. அதன் பொருட்டுக் கண்டு சொல்வது நம் கடமை. கைக்கு எட்டிய புட்டியைத் திறக்குமுன், கால்நடை மருந்தகத்துக்கு ஒரு நடை நடப்போமாக.